12 வோல்ட் பாட்டரி, 5 வோல்ட் செல்போன்: மீதி வோல்ட் எங்கே போகிறது? தேங்காய்ப்பட்டணம் படகில் ஒரு பாடம்

“கைய வச்சுப் பாரு மக்ளே. சும்மா சுட்டுட்டே கெடக்கு. ஆனா சார்ஜ் மட்டும் கேறமாட்டேங்கு.”

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த ஒரு சிறிய விசைப்படகு. அதன் கேபினுக்குள் திருகு போட்டு மாட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டித்தான் இப்படிச் சொன்னார், எனக்கு மாமா முறை ஆகும் படகு டிரைவர். தொட்டதும் சட்டெனக் கையை எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு. அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வேலைதான். படகு பாட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து செல்போனுக்குக் கொடுக்க வேண்டும்.

“வோல்டேஜ் குறைக்கதுக்கு எதுக்கு மாமா இவ்ளோ சூடு?”

“அத நாந்தான் ஒன்ட்ட கேக்கணும். நீதானே பேப்பர்ல எழுதுத?”

நான் படித்தது ஊடகவியல். ஓம் விதியைப் பத்தாம் வகுப்போடு மறந்த ஆள். ஆனாலும் மாமா கேட்டுவிட்டாரே! தேடிப் படித்து, மல்டிமீட்டரை வைத்து அளந்து, தெரிந்தவர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். படகு மட்டுமல்ல, பைக், கார், லாரி, வீட்டு சோலார் என பாட்டரியில் இருந்து செல்போன் சார்ஜ் போடும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு சார்ஜருக்கு ஏன் இவ்வளவு கவலை?

குழித்துறை தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடம் தேங்காய்ப்பட்டணம். ஆற்றுக்கு அக்கரையில் இரயுமன்துறை. அங்கிருந்து பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லை வரை மீனவர் ஊர்கள்தான். இந்தப் பக்கத்து ஆட்கள் சுறா, சூரை தேடி ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும்.

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயல் வீசியபோது நடந்ததை இந்த ஊர்கள் மறக்கவில்லை. கரையில் இருந்தவர்களுக்கே எச்சரிக்கை கடைசி நேரத்தில்தான் வந்தது. ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. கரையில் இருந்து சில கடல் மைல் தாண்டினால் செல்போன் டவர் கிடையாது.

அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகத் தகவல் சொல்லும் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவியை மத்திய அரசு அறிமுகம் செய்தது. புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோளில் இருந்து வாங்கி, ப்ளூடூத் மூலம் செல்போனுக்கு அனுப்பும். 2024 ஜனவரியில் இஸ்ரோ, ஆபத்து நேரத்தில் தகவல் அனுப்பும் தன் கருவியின் இரண்டாம் தலைமுறையை அறிவித்தது. கடலில் இருந்து உதவி கேட்டால், ‘தகவல் கிடைத்துவிட்டது’ என்ற பதிலையும் இது படகுக்குத் திருப்பிக் கொண்டுவரும். இதையும் செல்போனோடு இணைக்கலாம். வரும் செய்தியை ஆப் மூலம் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செயற்கைக்கோள் விண்வெளியில் இருந்து செய்தியை அனுப்பிவிடும். படகில் உள்ள கருவி அதை வாங்கியும்விடும். ஆனால் அதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டிய செல்போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தால்? சங்கிலியின் கடைசிக் கண்ணி அந்த 5 வோல்ட்தான்.

12 வோல்ட் பாட்டரியில் 12 வோல்ட் இருக்காது!

முதல் ஆச்சரியம் இது. படகு, கார், லாரி எதிலும் இருக்கும் ஈய-அமில பாட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். முழு சார்ஜில், எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது மொத்தம் 12.6 வோல்ட்.

எஞ்சின் ஓடி, டைனமோ சார்ஜ் ஏற்றும்போது அது 14.4 வோல்ட் வரை ஏறும். பாட்டரி தீரத் தீர 10.5 வரை இறங்கும். செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் அதற்கும் கீழே விழலாம். அதாவது நமக்குக் கிடைப்பது நிலையான மின்னழுத்தம் அல்ல. அலை மாதிரி ஏறி இறங்கும் ஒன்று.

செல்போனின் யு.எஸ்.பி. சாக்கெட்டுக்கோ கிட்டத்தட்ட அசையாத 5 வோல்ட் வேண்டும். சாதாரண யு.எஸ்.பி.க்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான். எனவே வெறுமனே ‘குறைப்பது’ மட்டும் போதாது. உள்ளே எவ்வளவு ஏறி இறங்கினாலும் வெளியே ஒரே அளவாகக் கொடுக்க வேண்டும். அதைச் செய்வதால்தான் அதற்கு வோல்டேஜ் ரெகுலேட்டர் என்று பெயர்.

ஒரு ரெசிஸ்டர் போட்டால் முடியாதா?

பலரும் கேட்கும் கேள்வி. பள்ளிக்கூடக் கணக்குப்படி முடியும். 12.6-ல் இருந்து 5 போனால் மீதி 7.6 வோல்ட். போன் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 ஓம் ரெசிஸ்டர் போதும்.

சிக்கல் என்னவென்றால், போன் எப்போதும் 1 ஆம்பியர் இழுக்காது. சார்ஜ் நிறைய நிறைய 0.1 ஆம்பியருக்குக் குறைந்துவிடும். அப்போது அதே ரெசிஸ்டர் வெறும் 0.76 வோல்ட்டைத்தான் பிடித்து நிறுத்தும். மீதி கிட்டத்தட்ட 12 வோல்ட் நேராகப் போனுக்குள் போகும். அப்புறம் என்ன, போன் காலி!

சரி, டிரான்ஸ்பார்மர்? அது ஏ.சி.க்கு மட்டும்தான். திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பாட்டரியில் வருவது ஒரே திசையில் ஓடும் டி.சி. அதை நேராக டிரான்ஸ்பார்மரில் கொடுத்தால் சுருள் சூடாகி எரியும். மறுபக்கம் ஒன்றும் வராது.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி, வீட்டு சார்ஜரைச் சொருகுபவர்களும் இருக்கிறார்கள். வேலை நடக்கும். ஆனால் 12-ஐ 230-க்கு ஏற்றி, மறுபடி 5-க்கு இறக்கும்போது இரண்டு முறையும் மின்சாரம் வீணாகிறது. போன் சொருகாத நேரத்திலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும்.

முதல் வழி: சூடாக்கித் தள்ளும் 7805

மாமாவின் பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று கால்கள் உள்ள, கட்டைவிரல் நகம் அளவு கறுப்புச் சில்லு. மேலே 7805 என்று எழுதியிருந்தது. ரேடியோ ரிப்பேர் செய்பவர்களிடம் கேட்டால் தூக்கத்தில்கூட இந்த எண்ணைச் சொல்வார்கள். 78 என்பது குடும்பப் பெயர். 05 என்றால் 5 வோல்ட் கொடுக்கும். 7812 என்றால் 12 வோல்ட்.

இப்படி ஒரே சில்லுக்குள் முழு ரெகுலேட்டரையும் அடக்கும் வேலை 1960-களின் கடைசியில் தொடங்கியது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்துக்காக பாப் விட்லர் வடிவமைத்த எல்.எம்.109 இதில் முன்னோடி. அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த வகை கடைகளில் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? சிம்பிளாகச் சொன்னால், ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்திக்கொண்டே, பிரேக்கைப் பிடித்து வேகத்தைச் சரிசெய்வது மாதிரி. தேவைக்கு மேல் வரும் மின்னழுத்தத்தை எல்லாம் தன் உடம்பில் வாங்கி, சூடாக மாற்றி வெளியே விடும். உள்ளே போகும் ஆம்பியரும் வெளியே வரும் ஆம்பியரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். போன் 1 ஆம்பியர் இழுக்கிறது. பாட்டரி கொடுப்பது 12.6 வாட். போனுக்குப் போவது 5 வாட். மீதி 7.6 வாட் முழுக்கச் சூடு. அதாவது 100 ரூபாய்க்கு டீசல் போட்டால் 60 ரூபாய் டீசல் ஓட்டைக் குழாயில் கடலில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூடு சாதாரணமானது அல்ல. ஹீட் சிங்க் என்ற அலுமினியத் தகடு இல்லாவிட்டால், ஒவ்வொரு வாட்டுக்கும் இந்தச் சில்லு சுமார் 65 டிகிரி சூடேறும். 7.6 வாட் என்றால் கிட்டத்தட்ட 500 டிகிரி! அங்கே வரை போகவிடாமல், சுமார் 150 டிகிரியில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது.

மாமா சொன்ன ‘சார்ஜ் கேறமாட்டேங்கு’ விவகாரத்துக்குப் பதில் இதுதான். பெட்டிக்குள் இருந்த தகடு ரொம்பச் சின்னது. சில்லு சூடாகி அணைந்து, ஆறி, மறுபடி உயிர் வந்து, மறுபடி சூடாகி அணைந்துகொண்டு இருந்தது. பெட்டி கெட்டுப்போகவில்லை. தன்னால் முடியாத வேலையைச் செய்யச் சொன்னதால் மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. உள்ளே வருவது, வெளியே போவதைவிடக் குறைந்தது 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு இது பிரச்னை இல்லை. ஆனால் 12 வோல்ட் பாட்டரியில் 7812-ஐப் போட்டு, நிலையான 12 வோல்ட் எடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

இரண்டாவது வழி: வெட்டி வெட்டிக் கொடுக்கும் பக் கன்வெர்ட்டர்

துடுப்புப் போட்டுத் தோணி ஓட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். துடுப்பை யாரும் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. ஒரு வலி, ஒரு இடைவெளி. மறுபடி ஒரு வலி. ஆனாலும் தோணி விட்டுவிட்டுக் குதிப்பதில்லை, ஒரே சீராகப் போகிறது. காரணம், தோணியின் கனம். ஒரு தடவை வேகம் பிடித்தால் இடைவெளியிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

பக் கன்வெர்ட்டரில் துடுப்பு வலிப்பது ஒரு மின்னணு ஸ்விட்ச். பாட்டரியை இணைக்கும், துண்டிக்கும், இணைக்கும், துண்டிக்கும். கடையில் அதிகம் கிடைக்கும் எல்.எம்.2596 என்ற சில்லு இதை நொடிக்கு 1,50,000 தடவை செய்கிறது. தோணியின் கனம் மாதிரி இருப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள். ஸ்விட்ச் இணையும்போது சுருள் ஆற்றலைச் சேமிக்கும். துண்டிக்கும்போது டயோடு வழியாக அதைத் தொடர்ந்து கொடுக்கும். மீதமிருக்கும் சின்னச் சின்ன அலைகளை கெப்பாசிட்டர் அடக்கிவிடும்.

12 வோல்ட்டை 5 ஆக்க வேண்டுமா? ஸ்விட்ச் சுமார் 42 சதவீத நேரம் மட்டும் இணைந்திருந்தால் போதும். எஞ்சின் ஓடி 14.4 ஆனால் அந்த நேரத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். பாட்டரி இறங்கினால் கூட்டிக்கொள்ளும். தேவையில்லாத வோல்ட்டை வாங்கி எரிப்பதில்லை. பாட்டரியில் இருந்து அதை எடுப்பதே இல்லை.

12 வோல்ட்டில் இருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும்போது எல்.எம்.2596-ன் திறன் சுமார் 80 சதவீதம். இப்போது வரும் புதிய சில்லுகள் 90-ஐத் தாண்டும்.

அதே பாட்டரி, இரண்டு மடங்கு நேரம்

எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 80 ஆம்பியர்-ஹவர் பாட்டரி. அதைப் பாதிக்கு மேல் தீர்க்கக் கூடாது. எஞ்சினை மறுபடி கிளப்பவும் அது வேண்டும். கையில் இருப்பது 40 ஆம்பியர்-ஹவர். இதில் 5 வோல்ட், 1 ஆம்பியர் அளவுக்குப் போனும் கருவிகளும் தொடர்ந்து ஓட வேண்டும்.

7805 போட்டால் பாட்டரியில் இருந்து 1 ஆம்பியர் போகும். 40 மணி நேரம்.

பக் கன்வெர்ட்டர் போட்டால் 0.5 ஆம்பியர்தான் போகும். 80 மணி நேரம்.

கரையில் இருப்பவர்களுக்கு இது ஒரு நம்பர். எஞ்சின் பழுதாகி ஆழ்கடலில் மிதக்கும் படகுக்கு, உதவி வந்து சேரக் கிடைக்கும் கூடுதல் ஒன்றரை நாள்.

அப்படியானால் 7805-ஐத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். ஒரு சின்ன சென்சார், ஒரு எல்.இ.டி. மாதிரி 0.1 ஆம்பியருக்குள் இழுக்கும் பொருள்களுக்கு அது இப்போதும் நல்லதுதான். மலிவு, எளிமை, முக்கியமாகச் சத்தமே போடாது. அந்தச் ‘சத்தம்’ என்ன என்று கீழே வருகிறது.

24 வோல்ட் படகில் செய்யக் கூடாத ஒன்று

பெரிய விசைப்படகுகளிலும் லாரிகளிலும் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். அங்கே ஒரு குறுக்குவழி நடக்கிறது. “ரெண்டுல ஒண்ணுல இருந்து மட்டும் வயர் இழுத்தா 12 வோல்ட் கிடைக்குமே, எதுக்குக் கன்வெர்ட்டர்?”

கிடைக்கும். ஆனால் அந்த ஒரு பாட்டரி மட்டும் தினமும் கூடுதலாகத் தீரும். எஞ்சின் ஓடும்போது இரண்டு வழியாகவும் ஒரே அளவு மின்சாரம்தான் போகிறது. எனவே நிறைந்த பாட்டரி மேலும் மேலும் சார்ஜாகித் தண்ணீர் கொதித்து வற்றும். குறைந்த பாட்டரி எப்போதும் அரைகுறையாகவே கிடக்கும். சில மாதங்களில் இரண்டும் போச்சு. பெரும்பாலும், செல்ஃப் எடுக்காத ஒரு விடியற்காலையில்தான் அது தெரியவரும்.

சரியான வழி, 24 வோல்ட்டையும் முழுதாக எடுத்து 12 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர். ரேடியோ பேசும்போது 5 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 7812 வகையைப் போட்டால் 60 வாட்டுக்கு மேல் சூடு வரும். எனவே இங்கே பக் கன்வெர்ட்டர் தவிர வேறு வழியே இல்லை.

ரேடியோவில் ‘கொர்ர்ர்’ சத்தம் வருகிறதா?

பக் கன்வெர்ட்டரின் ஒரே பெரிய குறை இது. நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் மின்சாரத்தை வெட்டும் பொருள், சின்ன ரேடியோ நிலையம் மாதிரியும் நடந்துகொள்ளும். மலிவான போர்டு, நீளமான வயர் என்றால் அந்த இரைச்சல் வி.எச்.எஃப். ரேடியோவுக்குள் புகுந்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ரேடியோவைக் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் எச்சரிக்கையே வெளியிட்டது. அந்த விளக்குகளுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட்தான்.

அவர்கள் சொன்ன சோதனை ரொம்ப எளிது. ரேடியோவைப் பேச்சு இல்லாத ஒரு சேனலில் வையுங்கள். இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் ஸ்குவெல்ச் குமிழைத் திருப்புங்கள். இப்போது விளக்கை, அல்லது நம் கதையில் கன்வெர்ட்டரை, ஆன் செய்யுங்கள். இரைச்சல் மறுபடி கேட்டால் குற்றவாளி அதுதான். தூரத்தில் இருந்து மெல்லிசாக வரும் உதவிக் குரல் அந்த இரைச்சலில் மூழ்கிப் போகும். கன்வெர்ட்டரை ஆன்டெனா வயரில் இருந்து தள்ளி வைப்பது, வயரைச் சுருக்குவது, உலோகப் பெட்டிக்குள் உள்ள மாடலை வாங்குவது எல்லாம் உதவும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும் கவனிக்க...

* பெட்டியின் மேல் ‘12–24 வோல்ட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 12 மட்டும் எழுதியதை 24 வோல்ட் படகில் மாட்டவே கூடாது. 24 வோல்ட் பாட்டரி சார்ஜ் ஏறும்போது 28.8 வோல்ட் வரை போகும். பாட்டரி வயர் கழன்றால் அந்த நொடியில் டைனமோவில் இருந்து 100 வோல்ட்டையும் தாண்டிய அதிர்ச்சி வரலாம். எல்.எம்.2596 தாங்குவது 40 வோல்ட்தான்.

* திருகி அளவு மாற்றும் மாடல் என்றால், போனை மாட்டும் முன் மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிடுங்கள். எஞ்சின் அதிர்வில் அந்தத் திருகு நகரும். அளந்த பிறகு மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் அசையாது. 5 வோல்ட் மட்டுமே கொடுக்கும் மாடல் இன்னும் பாதுகாப்பு.

* பாட்டரியின் ப்ளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கட்டாயம். செல்போன் கன்வெர்ட்டருக்கு 3 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் இல்லாமல் வயர் உரசி ஷார்ட் ஆனால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கேபினில் தீப்பிடிக்க அது போதும்.

* உப்புக் காற்று திறந்த போர்டை விட்டுவைக்காது. செம்பு பச்சை பூத்துவிடும். ரெசின் ஊற்றி மூடிய, தண்ணீர் புகாத மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பது நஷ்டமில்லை.

* எந்தக் கன்வெர்ட்டரும் ஒரு நாள் கெடும். உள்ளே ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் 12 வோல்ட்டும் நேராக வெளியே வந்துவிடும். எனவே எல்லாக் கருவிகளையும் ஒரே கன்வெர்ட்டரில் தொங்கவிட வேண்டாம். ஒன்று ஸ்பேர் இருக்கட்டும். சார்ஜ் போட்ட பவர் பேங்க் ஒன்றும் தனியாக இருக்கட்டும்.

மாமா என்ன செய்தார்?

மார்த்தாண்டத்துக்குப் போய், மூடிய பெட்டியில் வரும் ஒரு பக் கன்வெர்ட்டரை வாங்கி வந்தார். மாட்டினோம். மல்டிமீட்டரில் 5.1 வோல்ட். பியூஸ் வேறு எதற்கு என்று கொஞ்சம் முனகினார். போட்ட பிறகுதான் நான் கீழே இறங்கினேன். அரை மணி நேரம் கழித்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“இது வேல செய்யுதா மக்ளே? சூடே இல்லியே!”

போனைக் காட்டினேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் சூடாக இருந்ததைத்தான் வேலை செய்வதாக நினைத்திருந்தோம். அந்தச் சூடு முழுக்க போனுக்கு வராமல் போன மின்சாரம்.

உங்கள் படகிலோ வண்டியிலோ இருக்கும் சார்ஜர் பெட்டியை இன்றைக்கே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் உங்கள் பாட்டரி உங்களுக்குத் தெரியாமல் தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த தடவை கடலுக்குப் போகும் முன் அதை மாற்றிவிடுங்கள்.